பத்து மதிப்பெண் எந்தக் குழந்தைக்கு?

மருத்துவ அறவியல் வகுப்பில் இந்த வருடமும் அதே கேள்வியைக் கொடுத்தேன். ஐ.வி.எஃப். முறையில், அதாவது உடலுக்கு வெளியே ஆய்வகத்தில், உருவான கருக்களை மரபணுப் பரிசோதனை செய்து, நோயில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பயன்பாட்டுவாதப்படி (எல்லோருடைய நல்வாழ்வையும் கணக்கிட்டு, அதிக நன்மை தரும் செயலே சரி என்னும் கொள்கைப்படி) சரியா? வந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் நான் மாணவனாக இருந்தபோது எழுதிய அதே அபத்தங்கள். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இந்தத் தலைப்பு எல்லோரையும் ஒரே இடத்தில்தான் வழுக்கிவிடும்.

பயன்பாட்டுவாதம் என்றால் சுயநலம், பெரும்பான்மைக்குப் பிடித்ததே நன்மை என்பது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். அவற்றைப் பாடப்புத்தகமே திருத்திவிடும். அது திருத்தாத தவறுகள் இவை.

கருத் தேர்வைச் சிகிச்சை என்று நினைப்பது

"பரிசோதனையால் அந்தக் குழந்தை நோயிலிருந்து காப்பாற்றப்படுகிறது." இந்த வாக்கியத்தைப் பார்த்தாலே இன்றும் எனக்கு எரிச்சல் வரும். காரணம், இதை நானே எழுதி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் அறவியல் குழுவுக்காகக் குறிப்பு தயாரித்தேன். தம்பதி இருவரும் ஒரே நோயின் கேரியர்கள் (நோய் வராமல் அதன் பழுதான மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்), கையில் ஐந்து கருக்கள். அழகாக ஒரு அட்டவணை போட்டேன். முதல் வரி: 'குழந்தைக்கு நோயற்ற வாழ்வு, +10'. ஆய்வகத்தில் கருக்களைக் கையாளும் அம்மா ஒருவர் அந்த வரியில் பேனாவை வைத்து, "இது எந்தக் குழந்தைக்கு சார்?" என்றார்.

"பிறக்கப்போகும் குழந்தைக்கு."

"மூன்றாம் நம்பரை வைத்தால் மூன்றாம் நம்பர்தான் பிறக்கும். அதற்கு நோய் எப்போதுமே இல்லை. நோய் இருப்பது ஒன்றாம் நம்பருக்கு. அது பிறக்கவே போவதில்லை. அப்புறம் பத்து மதிப்பெண் யாருக்கு?"

என்னிடம் பதில் இல்லை.

ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, உணவை மாற்றினால் மூளை பாதிப்பைத் தடுக்கலாம். அங்கே நோயோடு பிறந்த அதே குழந்தைதான் பலன் பெறுகிறது. கருத் தேர்வில் யாருக்கும் எதுவும் குணமாவதில்லை. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பிறக்கிறார். தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் இந்தச் சிக்கலை அலசிக் காயப்போட்டுவிட்டார். பயன்பாட்டுவாதம் அதனால் விழுந்துவிடாது. எந்தத் தனிக் குழந்தைக்கும் நன்மை என்று சொல்லாமலேயே, 'இந்த எதிர்காலத்தில் வாழ்பவரின் நல்வாழ்வு அந்த எதிர்காலத்தில் வாழ்பவருடையதைவிட அதிகம்' என்று ஒப்பிடலாம். சரி, ஒப்பிடுங்கள். ஆனால் அந்த வழியில் போனால் சுங்கம் கட்ட வேண்டும்.

முதலில், குழந்தைக்கான வரியை அடித்துவிட வேண்டும். குழந்தைக்கு ஒருமுறை, உலகத்துக்கு ஒருமுறை என்று அதே நன்மையை இரண்டு தடவை கூட்டியிருப்பீர்கள். என் அட்டவணையில் அதுதான் நடந்திருந்தது. ஒன்றை எடுத்ததும் 'தெளிவான முடிவு' என்று நான் எழுதியிருந்தது ஊசலாட ஆரம்பித்தது.

அடுத்து, நோயுள்ள வாழ்க்கைக்கு மைனஸ் போடுவது. அந்த வாழ்க்கை வாழத் தகுந்தது என்றால் அது பிளஸ்தான், மற்றதைவிடச் சிறிய பிளஸ். ஒரு மாணவி காது கேளாமைக்கு மைனஸ் 8 போட்டிருந்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "நானா யோசிச்சுப் போட்டேன்". 1999-இல் வந்த ஓர் ஆய்வில், கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கு மேல் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகச் சொன்னார்கள்.

கடைசியாக, மொத்த நன்மையா, சராசரி நன்மையா? மொத்தம் என்றால் ஐந்து கருக்களையும் பிறக்க வைக்கச் சொல்லி உங்கள் கணக்கே உங்களை நெருக்கும். பயன்பாட்டுவாதத் தத்துவவாதி சிட்ஜ்விக் 1874-லேயே இந்த வித்தியாசத்தைச் சுட்டிவிட்டார். இன்றும் கட்டுரைகளில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

'99 சதவீதம் துல்லியம்' என்பதை நம்பிவிடுவது

நோயையும் நோயின்மையையும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒன்றுக்கு வரும் நோய் என்றால், 1,00,000 கருக்களில் 100-க்கு நோய், 99 பிடிபடும். நோயில்லாத 99,900-இல் 999 தவறாக மாட்டும். 'நோய் உண்டு' என்று வந்தவற்றில் உண்மை சுமார் 9 சதவீதம்தான். அதே பரிசோதனையை, இருவரும் ஒடுங்கு மரபு நோயின் (பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வரும் நோயின்) கேரியர்களாக உள்ள தம்பதியிடம் செய்தால், நாலில் ஒரு கருவுக்கு நோய் வர வாய்ப்பு உண்டு. அங்கே உண்மை 97 சதவீதம். கருவி மாறவில்லை, கேட்கும் ஆள்தான் வேறு. 'பரிசோதனை நல்லதா' என்று பொதுவாகக் கேட்டு ஒரே விடை எழுதுபவர்கள் இங்கே தொலைந்துபோகிறார்கள்.

சில செல்களை முழுக் கரு என்று எடுத்துக்கொள்வது

ஐந்தாறு நாள் கருவில், பின்னால் நஞ்சுக்கொடியாகும் வெளிப்பகுதியிலிருந்துதான் சில செல்களை எடுக்கிறார்கள். அவை சொல்வதும் குழந்தையாகும் உட்பகுதி சொல்வதும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. சரியான செல்லும் பிழையான செல்லும் கலந்திருந்த கருக்களிலிருந்து ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததாக 2015-இல் ஆய்விதழிலேயே வந்தது. 'தூக்கிப்போட்டதால் இழப்பு ஏதுமில்லை' என்று எழுதுமுன் இதை நினையுங்கள்.

தாயின் உடலை மறப்பது

ஊசிகள், முட்டை எடுப்பது, தோற்றுப்போகும் சுற்றுகள். இவையும் துன்பம்தான், கணக்கில் எழுதுங்கள்.

பயன்பாட்டுவாதத்தைத் தொடங்கிவைத்த பெந்தாமிலிருந்து கட்டுரையைத் தொடங்குவது

வேண்டாம்.

பல மரபணு மதிப்பெண்ணில் கோட்டை கட்டுவது

ஒற்றை மரபணு நோயை வைத்து ஆரம்பித்து, நாலாம் பக்கத்தில், பல மரபணுக்களின் சிறு விளைவுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண்ணை நம்பி அறிவுத்திறனுக்குத் தாவிவிடுவார்கள். 2019-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, பத்து கருக்களிலிருந்து அதிக மதிப்பெண் உள்ளதை எடுத்தாலும் சராசரிக் கருவைவிட ஐ.க்யூ.வில் எதிர்பார்க்கக்கூடிய கூடுதல் 2.5 புள்ளி அளவுதான். ஒரே ஆள் ஐ.க்யூ. தேர்வை இரண்டு முறை எழுதினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். 'மேன்மையான தலைமுறை' பற்றி இருபது பக்கம் எழுதியிருந்த மாணவனிடம் இந்த எண்ணைக் காட்டினேன். "அப்ப இந்த இருபது பக்கமும்?" என்றான். இரண்டு பக்கமாகச் சுருக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.