செஸ் உலகக் கோப்பையை வெல்லப்போவது யார் என்று கணிப்பது எப்படி?

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் செஸ் உலகக் கோப்பை தொடங்கும்போதெல்லாம் "இம்முறை கோப்பை யாருக்கு?" என்று கேட்கிறார்கள், கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பெயரை. ஆனால் 206 பேர் மோதும் ஒரு நாக் அவுட் போட்டியில், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று எழுதிவைத்தால்தான் அது பயன்தரும் கணிப்பு. அந்தச் சதவீதங்களை ஒரு சாதாரணக் கணக்குத்தாளிலேயே போட்டுவிடலாம்.

முதலில் போட்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 சோச்சி, 2023 பாகு, 2025 கோவா ஆகிய மூன்றிலும் 206 பேர், எட்டுச் சுற்றுகள். தரவரிசையின் முதல் 50 பேர் நேரடியாக இரண்டாம் சுற்றில் இறங்குவதால், கோப்பையை வெல்ல அவர்கள் ஏழு பேரை வீழ்த்தியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர ஆட்டங்கள். சமநிலையில் முடிந்தால் மூன்றாம் நாள் டைபிரேக்கர், அதாவது வெற்றியாளரை முடிவுசெய்யும் வேக ஆட்டங்கள். பாகுவில் டைபிரேக்கர் 25 நிமிட ரேபிட்டில் தொடங்கி, 10 நிமிடம், 5 நிமிடம் என்று குறைந்துகொண்டே போய், கடைசியில் 3 நிமிட பிளிட்ஸில் ஒருவர் வெல்லும் வரை நீண்டது.

கணக்கின் அடிப்படை, ஆட்டக்காரரின் பலத்தை எண்ணாகக் காட்டும் எலோ ரேட்டிங். இருவருக்கும் இடையில் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், உயர்ந்தவர் ஓர் ஆட்டத்தில் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்ற கணக்கில்) சராசரியாக 0.64 புள்ளி எடுப்பார் என்பது எலோ சூத்திரம் தரும் விடை. 200 புள்ளி என்றால் 0.76. பலர் இந்த எண்ணையே வெற்றி வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியன்று, ஏனெனில் அந்த 0.64-க்குள் டிராக்களும் அடங்கியிருக்கின்றன. பாதி ஆட்டங்கள் டிரா ஆகும் என்று வைத்துக்கொண்டால், உயர்ந்தவர் வெல்வது 39%, தோற்பது 11%. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிளாசிக்கலிலேயே அவர் முன்னேறுவது ஏறத்தாழ 54%, வெளியேறுவது 12%, டைபிரேக்கருக்குப் போவது 34%. டைபிரேக்கரில் அவருக்கு 65% வாய்ப்பு கொடுத்தால், மொத்தத்தில் அவர் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு 76%.

இது பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஏழு சுற்றிலும் இதே 76% இருந்தால், ஏழையும் தாண்டும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 80% என்று தாராளமாகக் கொடுத்தாலும் 21 சதவீதம்தான். ஆகவே ஒருவருக்கு 40% எழுதத் தோன்றினால், அவர் ஒவ்வொரு எதிராளியையும் எத்தனை சதவீத உறுதியோடு வெல்ல வேண்டியிருக்கும் என்று திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 88% வரும். 2017-இல் திபிலிசியில் உலக சாம்பியன் கார்ல்சன் மூன்றாம் சுற்றிலேயே பூ சியாங்ஜியிடம் தோற்று வெளியேறினார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவர் இந்தக் கோப்பையை முதன்முறை வென்றது 2023-இல்தான்.

அதிகக் கவனம் தேவைப்படுவது டைபிரேக்கருக்குத்தான். கடைசிச் சுற்றுகளில் மோதுபவர்களுக்கு இடையே வித்தியாசம் 20 புள்ளியாகக்கூட இருக்கும், டிராவும் அதிகம். அறுபது சதவீத ஆட்டங்கள் டிரா ஆகும் என்று வைத்தால், இத்தகைய இருவர் டைபிரேக்கருக்குப் போகும் வாய்ப்பு மட்டுமே 44 சதவீதத்தைத் தொடுகிறது. ஆகவே கிளாசிக்கல் ரேட்டிங்கை மட்டும் பார்த்துக் கணிப்பவர், போட்டியின் ஏறக்குறைய பாதி நாடகம் நடக்கும் இடத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார். ஃபிடே மாதந்தோறும் வெளியிடும் ரேபிட், பிளிட்ஸ் பட்டியல்களை எடுத்து, டைபிரேக்கர் வாய்ப்பைத் தனியாகப் போடுங்கள். பாகுவில் பிரக்ஞானந்தா இறுதிப்போட்டிக்குப் போன பாதை இதற்குச் சிறந்த சான்று: நகமுரா, அர்ஜுன் எரிகைசி, கருவானா ஆகிய மூவரையும் அவர் டைபிரேக்கரில்தான் வென்றார், அர்ஜுனுடனான காலிறுதி கடைசி பிளிட்ஸ் கட்டம் வரை போனது.

ஒரு நுணுக்கம் இதில் உண்டு. முதல் ஆட்டத்தில் தோற்றவர் இரண்டாவதில் வென்றே ஆக வேண்டும் என்பதால், அந்த ஆட்டம் வழக்கமான டிரா விகிதத்துக்குக் கட்டுப்படாது. நான்கு கிளாசிக்கல் ஆட்டங்கள் கொண்ட 2015 பாகு இறுதிப்போட்டியில் ஸ்விட்லர் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற பிறகு, கர்யாகின் அடுத்த இரண்டையும் வென்று சமன் செய்தார். டைபிரேக்கரையும் சேர்த்து நடந்த பத்து ஆட்டங்களில் ஒன்றுகூட டிரா ஆகவில்லை, 6-4 என்று கர்யாகின் வென்றார். சுற்று நடந்துகொண்டிருக்கும்போது கணிப்பைப் புதுப்பிப்பவர்கள் இரண்டாம் ஆட்டத்துக்கு டிரா விகிதத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அட்டவணை. உங்கள் ஆட்டக்காரரின் அடுத்த எதிராளி இன்னும் முடிவாகவில்லை என்றால், வரக்கூடிய இருவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருவர் வரும் வாய்ப்பு 70%, அவரை வெல்லும் வாய்ப்பு 55%. மற்றவர் வரும் வாய்ப்பு 30%, அவரை வெல்லும் வாய்ப்பு 75% என்றால், மொத்த வாய்ப்பு 61%. இப்படியே சுற்றுக்குச் சுற்று கொண்டுபோனால் இறுதிப்போட்டி வரை வந்துவிடும். கையால் போடுவது அலுப்பாக இருந்தால், கணக்குத்தாளில் சமவாய்ப்பு (ரேண்டம்) எண்களைக் கொண்டு போட்டியைப் பத்தாயிரம் முறை நடத்திப் பார்த்து, யார் எத்தனை முறை வென்றார் என்று எண்ணிக்கொள்ளலாம்.

ரேட்டிங்கில் தெரியாத சிலவற்றுக்கு ஓரளவு இடம் கொடுக்கலாம். அளவு மீறக் கூடாது. ஒருவர் 2400-ஐத் தொட்டபின் ரேட்டிங் மாற்றத்தின் பெருக்கெண் 10 ஆகக் குறைந்துவிடுவதால், வேகமாக வளரும் இளம் ஆட்டக்காரரின் உண்மையான பலத்துக்கு அவருடைய ரேட்டிங் சற்றுப் பின்தங்கியே நிற்கும். அத்தகையவருக்கு 20 அல்லது 30 புள்ளி கூட்டிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. களைப்பும் முக்கியம்: கிளாசிக்கலிலேயே வென்றவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது. உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கான தகுதி இன்னொன்று; 2023-இல் முதல் மூவருக்கு அந்தத் தகுதி இருக்க, கார்ல்சன் கேண்டிடேட்ஸில் ஆடப்போவதில்லை என்ற நிலையில், அரையிறுதிக்குப் போனாலே தகுதி என்றாகிவிட்டதால், காலிறுதியின் அழுத்தம் அரையிறுதியைவிடக் கூடுதலாக இருந்தது. தரவரிசையில் 69-ஆம் இடத்திலிருந்த அபாசோவ், கிரி, விதித் போன்றோரைத் தாண்டி அந்த அரையிறுதியை எட்டினார். அவர் பெயரை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. ஆனால் கீழ்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் அவ்வளவு தூரம் வருவதற்கு உங்கள் கணக்கில் இடம் இருந்திருக்க வேண்டும்.

கணிப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் அளக்க வேண்டும். வெற்றியை 1, தோல்வியை 0 என்று வைத்தால், நீங்கள் 70% கொடுத்தவர் வென்றால் வித்தியாசம் 0.3, அதன் வர்க்கம் 0.09, தோற்றால் 0.49. எல்லா மோதல்களுக்கும் இதன் சராசரியை எடுங்கள். எல்லாவற்றுக்கும் 50% என்று எழுதினால் 0.25 வரும், உங்கள் சராசரி அதைவிடக் குறையவில்லை என்றால் முறையை மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முழுக் கணக்கையும் மறுபடி ஓட்டுங்கள். கோவாவில் தரவரிசையின் முதல் மூன்று இடங்களில் இருந்த குகேஷ் மூன்றாம் சுற்றிலும், பிரக்ஞானந்தா நான்காம் சுற்றிலும், அர்ஜுன் காலிறுதியிலும் வெளியேறினார்கள். ஒவ்வொரு முறையும் அட்டவணையின் அந்தப் பகுதியில் மீதமிருந்தவர்களுக்கு வழி திறந்தது. கடைசியில் 19 வயது சிந்தாரோவ், இறுதிப்போட்டியில் வெய் யியை டைபிரேக்கரில் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டார்.