குளிர் நாட்டில் ஸ்டாம்ப்டு கான்கிரீட்: வடிவப் புத்தகத்துக்கு முன்னால் கலவைச் சீட்டு

ஈரக் கான்கிரீட்டின் மேல் அச்சு அழுத்திக் கல், மரம் போன்ற வடிவம் பதிப்பதுதான் ஸ்டாம்ப்டு கான்கிரீட். கனடாவின் ஒன்டாரியோவில் பின்கட்டில் இப்படிப் பேடியோ (திறந்தவெளித் தளம்) போட நினைப்பவர் கையில் ஒப்பந்தக்காரர் முதலில் கொடுப்பது வடிவப் புத்தகம்தான். ஸ்லேட் கல்லா, மரப்பலகை மாதிரியா, உருளைக்கல்லா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடும். அதில் பத்து நிமிடம் கான்கிரீட் கலவைக்கு ஒதுக்கினால் போதும். ஒதுக்காத வீடுகளில் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்து ஜல்லி பல்லிளிக்கும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. டொரொன்டோ, பிராம்ப்டன் பக்கம் தொல்லை வெறும் குளிர் இல்லை. பகலில் உருகி இரவில் உறைந்து மறுநாள் மறுபடி உருகுவதுதான். ஒவ்வொரு முறையும் நுண்துளையில் நிற்கும் தண்ணீர் உள்ளேயிருந்து முட்டும். அது பருக்க இடம் வேண்டும் என்றுதான் கலவையில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே விடுகிறார்கள். கீழே வரும் படிகளில் பாதி, மேலே உள்ள சில மில்லிமீட்டரில் அந்தக் குமிழிகள் சாகாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

பேடியோ, தோட்டத்து நடைபாதை, நீச்சல்குளத்தைச் சுற்றி: தாராளமாகப் போடலாம். சரிவான டிரைவ்வே (கார் வரும் பாதை), அதில் பனி அள்ள வண்டி வைத்து ஆள் வருகிறார் என்றால் தனித்தனியாக அடுக்கிப் பொருத்தும் இன்டர்லாக் கல்லே மேல். இரும்பு பிளேடு ஸ்டாம்ப் மேடுகளைச் சீவிவிடும். நிலம் தூக்கினால் இன்டர்லாக்கைப் பிரித்து மட்டம் பார்த்து மறுபடி அடுக்கலாம். விரிசல் விட்ட ஸ்டாம்ப்டு பலகையில் (ஊற்றிய கான்கிரீட் தளத்தில்) நிறம் பொருந்த ஒட்டுப்போடுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

வடிவத்தில் ஒரே ஒரு யோசனை: குழி ஆழமில்லாததை எடுங்கள். உருளைக்கல் மாதிரியின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிப் பனிக்கட்டியாகும், மண்வெட்டியும் தடுக்கும். நிறத்தில் நடுத்தரச் சாம்பல், மணல் நிறம் நல்லது. அடர்கருப்பு எடுத்தால் உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு வருடம் முழுக்கக் கண்ணில் படும்.

இனி 12க்கு 20 அடி, 4 அங்குலக் கனமுள்ள ஒரு பேடியோவை வைத்தே கணக்குப் பார்ப்போம். கார் ஏறும் இடம் என்றால் கனம் 5, 6 அங்குலம்.

படி 1: தோண்டுதல், அடித்தளம்

தோண்டும் முன் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ சேவைக்குச் சொல்லி எரிவாயு, மின்சார வழிகளைக் குறித்து வாங்குங்கள். வீட்டுக்காரருக்கு இது இலவசம், ஆனால் வந்து குறிக்க நாளெடுக்கும். அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆழம் 10 அங்குலம்: 6 அடித்தளத்துக்கு, 4 கான்கிரீட்டுக்கு. கருமண் முழுக்க வெளியே போக வேண்டும். ‘கிரானுலர் ஏ’ என்று கேட்டால் தூளோடு சேர்ந்த உடைகல் வரும். இந்த அளவுக்கு ஏறக்குறைய ஏழரை டன் பிடிக்கும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பகுதி பொலபொலவென்று கிடக்கும். மூன்று மூன்று அங்குலமாகப் பரப்பி, லேசாக ஈரப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கையும் பிளேட் காம்பாக்டரால் இடியுங்கள்.

தெற்கு ஒன்டாரியோவில் உறைபனி 4 அடி ஆழம் வரை இறங்கும் என்று வைத்துத்தான் வீட்டு அஸ்திவாரம் போடுகிறார்கள். பேடியோவுக்கு அந்த ஆழம் கிடையாது. அது நிலத்தோடு சேர்ந்து கொஞ்சம் ஏறி இறங்கும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், தண்ணீர் வடிய வழி கொடுங்கள். வீட்டுச் சுவரோடு கம்பி போட்டுப் பிணைக்கவே வேண்டாம். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் விரிய இடம் விடும் அரை அங்குல எக்ஸ்பேன்ஷன் அட்டை முழு நீளத்துக்கும் நிற்கட்டும்.

வீட்டிலிருந்து விலகிச் சரிவு: அடிக்குக் கால் அங்குலம். 12 அடிக்கு 3 அங்குலம். கண்ணுக்கு அதிகம்போலத் தெரியும், குறைக்காதீர்கள்.

ஊற்றும் கான்கிரீட்டைத் தடுத்து நிறுத்தும் மர ஓரப்பலகையில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் ‘இரண்டுக்கு நான்கு’ என்று விற்கும் மரத்தின் உண்மையான உயரம் மூன்றரை அங்குலம். அதை அடித்தளத்தின் மேல் அப்படியே வைத்தால் உங்கள் 4 அங்குலக் கான்கிரீட் பலகை மூன்றரை ஆகிவிடும். இரண்டுக்கு ஆறு வாங்கி, ஒன்றரை அங்குலம் மண்ணில் புதைத்து நிறுத்துங்கள்.

கம்பி: 10எம் அளவு, 16 அங்குல இடைவெளியில் நீளவாக்கிலும் குறுக்கிலும், சேர் (கம்பியைத் தாங்கும் சிறு கால்) வைத்துக் கனத்தின் நடுவில் நிற்க வேண்டும். “கம்பி வலையைக் கீழே போட்டு, ஊற்றும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம்” என்று சொல்லும் ஆளிடம் சேர் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். தூக்கிய வலை மிதித்த காலோடு கீழேதான் போகும்.

படி 2: கான்கிரீட் ஆர்டர்

போனில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: “சி-2 கலவை, 32 மெகாபாஸ்கல், காற்று 5 முதல் 8 சதவீதம், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல் கூடாது.” மெகாபாஸ்கல் என்பது வலுவின் அளவு. கனடாவின் சிஎஸ்ஏ ஏ23.1 என்ற கான்கிரீட் தரத்தில், உப்பும் உறைபனியும் படும் நடைபாதை, டிரைவ்வே வகைக்கு (சி-2) உள்ள அளவு இது. காற்று அளவு 20 மிமீ ஜல்லிக்குச் சொன்னது. 10 மிமீ ஜல்லி எடுத்தால் 6 முதல் 9.

அளவு: 240 சதுர அடி, 4 அங்குலம், ஆக 80 கன அடி, அதாவது 2.27 கனமீட்டர். 2.5 சொல்லுங்கள். கடைசி மூலைக்குக் கால் கனமீட்டர் போதாமல் நிற்பதைவிட மிஞ்சுவது மேல்.

லாரி வந்ததும் சீட்டை வாங்கிப் படியுங்கள்: கலவை வகை, காற்று, கலந்த நேரம். கலந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும். “கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடட்டுமா?” என்று ஓட்டுநர் கேட்பார். வேண்டாம். கனமீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீர் ஸ்லம்ப்பை (கலவையின் இளக்க அளவை) ஓர் அங்குலம் கூட்டும், கூடவே வலுவைத் தின்னும், நிறத்தையும் வெளுக்க வைக்கும். இளக்கம் வேண்டுமானால் ஆர்டரிலேயே, தண்ணீர் கூட்டாமல் இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் கேட்டு 4, 5 அங்குல ஸ்லம்ப்பில் வாங்குங்கள்.

நிறம் லாரியிலேயே கலந்து வரட்டும். மேலே தூவித் தேய்க்கும் நிறப்பொடி பளிச்சென்று இருக்கும், மேற்பரப்பைக் கடினமாக்கவும் செய்யும், உண்மைதான். ஆனால் அந்தப் பொடி நனைய மேலே ஈரம் வேண்டும். காற்றுக் குமிழி உள்ள கலவை அவ்வளவாகத் தண்ணீர் கசியாது. பொடி நனையவில்லையே என்று கை தானாகத் தண்ணீர் வாளிக்குப் போகும். பழகிய கையிடம் மட்டும் விட வேண்டிய வேலை அது. கலந்த நிறத்தில் ஓரம் உடைந்தாலும் உள்ளே அதே நிறம்தான். சீக்கிரம் இறுக வேண்டுமென்று கால்சியம் குளோரைடு சேர்த்தால் நிறம் திட்டுத்திட்டாகிவிடும், அதையும் சொல்லிவையுங்கள்.

படி 3: ஊற்றிய பின் வரும் ஒரு மணி நேரம்

இழுத்து மட்டம் செய்து, புல் ஃப்ளோட்டை (நீளக் கைப்பிடியுள்ள அகலத் தேய்ப்புப் பலகையை) ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கேதான் கெடுகிறது.

நம் ஊரில் தரை முடிக்கும்போது கொத்தனார் சிமெண்டைத் தூவி, தண்ணீர் தெளித்து, கரண்டியால் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்குவார். மதுரை வெயிலில் அது பலிக்கும், அங்கே உறைபனி இல்லை. இங்கே அதையே செய்தால் மேல் சில மில்லிமீட்டரில் தண்ணீர் விகிதம் ஏறிவிடும், இரும்புக் கரண்டி அழுத்தத்தில் குமிழிகளும் வெளியேறிவிடும். கீழே 32 மெகாபாஸ்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. குளிர்காலம் உரிப்பது அந்தப் பூச்சைத்தான். கசிந்த நீர் மேலே மினுங்கும்போது தேய்க்காதீர்கள், அது ஆவியாகட்டும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. காற்று வீசும் வெயில் நாளில், ஆறும் பாலில் ஆடை படிவதைப் போல மேலே மட்டும் இறுகி, அடியில் கூழாகவே இருக்கும். கால் வைத்தால் தரை மெத்தைபோல் அமுங்கும். அதன்மேல் ஸ்டாம்ப் அடித்தால் ஒவ்வொரு கல் ஓரத்திலும் மயிரிழை விரிசல் கிளம்பும். ஆவியாதலைக் குறைக்கும் தெளிப்பான் என்று கான்கிரீட் கடையில் விற்கிறார்கள். மட்டம் செய்தவுடன் மெல்லிசாக அடியுங்கள். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். விடிகாலையில் ஊற்றுவது இரண்டையும்விடச் சுலபம்.

படி 4: ஸ்டாம்ப்

கடிகாரத்தை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். அழுத்தினால் கால் அங்குலம் இறங்க வேண்டும், தடம் அப்படியே நிற்க வேண்டும், விரலில் பசை ஒட்டக்கூடாது. முதலில் இறக்கிய பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சுவர் நிழல் விழும் பகுதி பிந்தித்தான் தயாராகும். இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

அச்சு ஒட்டாமலிருக்கத் தூவும் ரிலீஸ் பவுடர் 100 சதுர அடிக்கு 3, 4 பவுண்டு. நமக்கு 10 பவுண்டு வாளி ஒன்று போதும். திரவ ரிலீஸ் சுத்தமான வேலைதான், ஆனால் பள்ளங்களில் தங்கும் அந்த இரண்டாவது நிறம் பவுடரில்தான் தானாக வரும். பவுடர் தூவும் முன் வீட்டுச் சுவரைப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

இரண்டடி மேட் (வடிவம் பதிக்கும் அச்சு) என்றால் 12 அடி வரிசைக்கு 6, அடுத்த வரிசை தொடங்க 3, சுவரோரத்துக்கு வளையும் மேட் ஒன்று. நான்கு பேர் வேண்டும். முதல் வரிசைக்கு நூல் கட்டுங்கள். அது அரை அங்குலம் கோணினால் கடைசி வரிசையில் ஊரே பார்க்கும். இடிகட்டையை நேராக இறக்குங்கள், மேட்டையும் நேராகத் தூக்குங்கள்.

படி 5: மூட்டு வெட்டு

விரிசல் எப்படியும் வரும், எங்கே வரும் என்பதை மட்டும் நாம் சொல்லலாம். 4 அங்குலக் கனத்துக்கு 8 முதல் 10 அடிக்குள் ஒரு வெட்டு, ஆழம் கனத்தில் கால்பங்கு, அதாவது ஓர் அங்குலம். 12க்கு 20ஐ நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு என வெட்டினால் ஆறு அடிக்கு ஆறு அடி எட்டு அங்குலமாக ஆறு கட்டம் கிடைக்கும். கட்டம் சதுரத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. “வடிவம் கெட்டுப்போகும்” என்று வெட்டைத் தவிர்ப்பவர்கள் உண்டு; கல் இணைப்புக் கோட்டின் மேலேயே வெட்டினால் தெரியாது. மறுநாள் காலைக்குள் முடித்துவிடுங்கள்.

படி 6: கழுவுதல், கியூரிங், சீலர்

ஓரிரு நாளில் பவுடரைக் கழுவுங்கள்; அகன்ற நாசில், குறைந்த அழுத்தம். பள்ளத்தில் கொஞ்சம் தங்கலாம், மேட்டில் தங்கினால் சீலர் (காப்புப் பூச்சு) ஒட்டாது. உலர்ந்ததும், உள் ஈரத்தைக் காத்து இறுக விடும் கியூர்-அண்ட்-சீல் ஒரு மெல்லிய பூச்சு. முதல் 7 நாளும் கான்கிரீட் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது. மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் நல்ல காலம் என்பது இதனால்தான்: முதல் உறைபனிக்கு முன் இறுகவும் உலரவும் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும்.

28 நாளுக்குப் பிறகு இறுதி சீலர். ஈரப்பளபளப்பு வேண்டுமானால் சால்வென்ட் அக்ரிலிக். காலனுக்கு 200 முதல் 250 சதுர அடி, கடைசிப் பூச்சில் வழுக்காத பொடி கலந்து. படிக்கட்டு, வெயில் படாத வடக்குப் பக்கம் என்றால் உள்ளே ஊறும் சிலேன்-சிலாக்ஸேன் சீலர் எடுங்கள்: பளபளப்பு இருக்காது, வழுக்காது, உள்ளே உள்ள ஈரமும் வெளியேறும். அக்ரிலிக்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கனமாக அல்ல.

முதல் குளிர்காலம்

உப்பே வேண்டாம், மணல் மட்டும் தூவுங்கள். அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் உள்ள பனிக்கரைப்பான் எந்தக் காலத்திலும் கூடாது. அவை கான்கிரீட்டையே இரசாயனமாக அரிக்கும். பிளாஸ்டிக் விளிம்புள்ள மண்வெட்டி போதும்.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதிலிருந்து இரண்டு.

ஒரு மூலை மட்டும் உரிகிறது என்றால் கலவையைத் திட்டும் முன் மேலே பாருங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கே இறங்குகிறதா? தினமும் நனைந்து உறையும் அந்த இரண்டடிதான் முதலில் போகும். குழாயை நீட்டிப் புல்வெளிக்குத் திருப்புங்கள்.

அக்ரிலிக் சீலர் பால்போல் வெளுத்துவிட்டதா? அடியில் ஈரம் சிக்கியிருக்கிறது, அல்லது பூச்சு கனம். மேலே இன்னொரு பூச்சு அடித்தால் மோசமாகும். வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்ந்த பின் சைலீன் கரைப்பானைத் தெளித்து உருளையால் தேய்த்தால் சீலர் இளகி மறுபடி படியும். ஆவி கெடுதலானது, தீப்பிடிக்கும். கரிம ஆவிக்கான ரெஸ்பிரேட்டர் போட்டு, அருகில் பார்பிக்யூ எரியாமல் பார்த்துக்கொண்டு, ஓரமாக ஒரு சதுர அடியில் முதலில் செய்து பாருங்கள்.