நான்கு உணரிகளில் ஒரு மின்னணு மூக்கு

மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் இருந்தாலும், மல்லிகைக்கு ஒன்று, காபிக்கு ஒன்று என்று அவை வேலையைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளை உணர்கிறது. ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டுகிறது. எது எவ்வளவு தூண்டப்பட்டது என்னும் கோலத்தைத்தான் மூளை வாசனையாக அறிகிறது. இதைப் பின்பற்றி 1982-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் என்னும் ஆய்வாளர்கள் மூன்று குறைக்கடத்தி உணரிகளைக் கொண்டு மின்னணு மூக்கை அமைத்துக் காட்டினர்.

வீட்டில் செய்து பார்க்க எம்க்யூ-2, எம்க்யூ-3, எம்க்யூ-4, எம்க்யூ-135 ஆகிய நான்கு வாயு உணரிகளும், அவற்றின் அளவீடுகளைப் படிக்க ஆர்டுயினோ யூனோ என்னும் சிறு கணினிப் பலகையும் போதும். இவற்றிலுள்ள சூடான வெள்ளீய ஆக்சைடுப் பரப்பில் ஒட்டிய ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும். ஆல்கஹால் போன்ற ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும். எம்க்யூ-3 ஆல்கஹாலுக்கானது என்று விற்கப்பட்டாலும் பிற ஆவிகளையும் உணரும். பலர் குறையாகச் சொல்லும் இந்தக் கலப்புணர்வுதான் நமக்கு மூலதனம்.

உணரியின் பரப்பைச் சூடாக்கும் ஒவ்வொரு வெப்பமூட்டியும் சுமார் 150 மில்லிஆம்பியர் இழுப்பதால், நான்கையும் ஆர்டுயினோவிலிருந்து இயக்காமல் தனி 5 வோல்ட் மின்வழங்கியில் இணைத்து, தரைக்கம்பியை மட்டும் பொதுவாக்குங்கள். புதிய உணரிகளை முதலில் 24 மணி நேரமாவது சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

காபித்தூள், வினிகர், பழுத்த வாழைப்பழம் ஆகியவற்றை ஒரே அளவுள்ள மூடிய குப்பிகளில் வைத்து, ஒவ்வொன்றையும் பலமுறை அளவிடுங்கள். ஈரப்பதமும் மின்தடையை மாற்றுமாதலால் ஆவி பறக்கும் காபி உதவாது. ஒவ்வோர் அளவீட்டுக்குப் பின்னும், சுத்தக் காற்றில் மின்தடை பழைய நிலைக்குத் திரும்பும்வரை பொறுத்திருங்கள். மாதிரிகளின் வரிசையையும் கலைத்துவிடுங்கள். காலையில் காபியும் மாலையில் வினிகரும் மட்டும் அளந்தால், கருவி வாசனையை விட்டுவிட்டுப் பொழுதைக் கற்றுக்கொள்ளும்.

சுத்தக் காற்றில் இருந்ததைவிட ஒவ்வொரு மின்தடையும் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கணக்கிட்டு, அந்த நான்கு எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். இதனால் வாசனையின் வீரியம் பெருமளவு விலகி, உணரிகளுக்கிடையேயான விகிதம் மிஞ்சும். புதிய அளவீடு எந்தப் பொருளின் சராசரிக் கோலத்துக்கு அருகில் விழுகிறதோ அதுவே விடை. எதற்கும் அருகில் இல்லையெனில் ‘தெரியாது’ என்று கருவி சொல்லட்டும். ஓர் உணரி பழுதாகி மாற்ற நேர்ந்தால் எல்லாக் கோலங்களையும் மீண்டும் பதிய வேண்டும், ஏனெனில் ஒரே மாதிரி எண் பொறித்த இரண்டு உணரிகள்கூட ஒன்றுபோல் உணர்வதில்லை.