டீன் ஏஜ் வயதில் விசுவாச வாழ்க்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் சபைக்குச் சபை வாலிபர் முகாம்தான். கடைசி நாள் இரவு செய்தி முடிந்து, கீபோர்டு மெதுவாக ஒலிக்க, "ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாங்க" என்று அழைத்ததும் பிள்ளைகள் அழுதுகொண்டே போய் முழங்கால் போடுவார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. தவறு நடப்பது அதற்குப் பிறகு. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் வேதத்தைத் திறந்தால் தூக்கம் வரும், தம்பியோடு பழைய சண்டை திரும்பும். உடனே "நான் பின்மாறிப் போயிட்டேன்" என்று தீர்மானித்து, அடுத்த முகாம் வரைக்கும் ஜெபத்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இவர்களுக்கு 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்துக் காட்ட வேண்டும். கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்குப் பதிலாக அக்கினி இறங்கியதைக் கண்ணாரக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்கிறார். தேவன் திட்டவில்லை. தூங்க விட்டார். தேவதூதன் எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மனதில் சூடு இல்லாத நாளில் தேவன் நம்மை எப்படி நடத்துகிறார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அப்படிப்பட்ட நாட்களில் ஒரு மணி நேர ஜெபத்துக்குத் திட்டம் போடாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம்தான் இருக்கிறது. காலையில் போனை எடுக்குமுன் அதில் ஒரு பத்தி வாசித்து, அதைக் குறித்தே நான்கு வரி ஜெபியுங்கள், போதும்.

அடுத்தது பரீட்சை. புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனத்தைப் பிளஸ் டூ மார்க்குக்கு உத்தரவாதச் சீட்டு மாதிரி வைத்துக்கொள்வது நம்மிடையே மிகவும் சகஜம். அதிகம் கையில் வருவது எரேமியா 29:11; நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுப்பேன் என்று தேவன் சொல்லுகிற வசனம். அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: எழுபது வருஷம் முடிந்தபின்பு திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொன்ன பிறகுதான் அந்த வாக்குத்தத்தம். ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் தானியேலுக்கும் அவர் நண்பர்களுக்கும் தேவன் அறிவைக் கொடுத்தது, மூன்று வருஷப் படிப்பு என்று ராஜா வைத்த கல்தேயர் எழுத்தையும் பாஷையையும் அவர்கள் உட்கார்ந்து படித்தபோதுதான்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நீட்டில் மார்க் குறைந்துபோன பிள்ளையிடம், "விசுவாசம் பத்தலையோ?" என்று கேட்பது. அந்தப் பிள்ளை ஏற்கெனவே அதைத்தான் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

மனதில் எழும் சந்தேகத்தைப் பாவம் என்று நினைத்து மூடி வைப்பதும் தவறு. சிறையிலிருந்த யோவான் ஸ்நானனே, "வருகிறவர் நீர்தானா?" என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு கோபிக்கவில்லை; பதில் சொல்லி அனுப்பிவிட்டு, ஜனங்கள் முன்னால் அவரைப் புகழ்ந்து பேசினார். கேட்டால் முகம் சுளிக்கிற ஆசிரியர் கிடைத்தால், சுளிக்காத இன்னொருவரைத் தேடுங்கள்.

வீட்டைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், கிறிஸ்துமஸ் கேரல் என்று ஓடுகிற பிள்ளை வீட்டில் தட்டைக்கூடக் கழுவி வைப்பதில்லை. அம்மா ஒற்றை ஆளாகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருகிறார். மகன் கட்டிலில் சாய்ந்து ஸ்டேட்டஸில் வசனம் போடுகிறான். ஏதாவது கேட்டால், "சர்ச் வேலையா இருந்தேன்மா" என்கிறான். மாற்கு 7-இல் இயேசு இதைத்தான் கண்டித்தார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைப் பார்த்து, தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்திருந்த இயேசுவும், பிறகு நாசரேத்துக்குப் போய்ப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார்.

பள்ளியில் இந்து, முஸ்லிம் நண்பர்களோடு பழகும்போது அவர்கள் சாமியைப் பழித்துப் பேசுவதைச் சாட்சி என்று நினைக்காதீர்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து பழகினார். 1708-ல், தான் சேகரித்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். தமிழில் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது அதற்கும் பிறகு, 1715-ல். நண்பன் கோயில் பிரசாதம் நீட்டினால் என்ன செய்வது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் நிலை வேறுபடும். 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைப் பெற்றோரோடு வாசித்து முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்பதானால், "எங்க வீட்டுல சாப்பிடறதில்லடா, தப்பா எடுத்துக்காத" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். மூக்கைச் சுளித்துக்கொண்டு விலகாதீர்கள்.

கடைசியாக, ரகசியம். இரவில் போனில் பார்க்கிற அசிங்கம், மறைத்து வைத்த பழக்கம், இவற்றோடு தனியாகப் போராடிக்கொண்டே திருவிருந்தில் சேராமல் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள் அநேகர். நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லி யாக்கோபு 5:16 சொல்கிறது. ஆனால் எவராவது உங்களைத் தகாதவிதமாகத் தொட்டாலோ, "இது நமக்குள்ள இருக்கட்டும், ஊழியக்காரரைப் பத்திப் பேசினா சாபம்" என்று பயமுறுத்தினாலோ, அந்த ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. குற்றம் உங்களுடையதும் அல்ல. அன்றைக்கே அப்பா அம்மாவிடமோ பள்ளி ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்றால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.