இசைத்தட்டு அடிக்கக் கிளம்பும் தம்பிகளுக்கு: நான் செய்த தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து மூன்று இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சோல் குரலும் லத்தீன் தாளமும் கலந்த ஹவுஸ் நடனப் பாடல்கள் நான்கைக் கையில் வைத்திருந்தார்கள். சொந்த இசை வெளியீட்டு லேபிள், முதல் வெளியீடே 12 அங்குல இசைத்தட்டு, 300 பிரதிகள் என்றார்கள். போடச் சொல்லிக் கேட்டேன். நன்றாகவே இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி உள்ளே வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையில் லேபிள் தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே தவறு, இம்மி பிசகாமல் அங்கே இருந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். கலைஞர் பெயரைப் பிழையாக அச்சிடுவது, மங்கலான அட்டைப்படம் அனுப்புவது போன்றவற்றை ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

விரித்துவிட்ட பேஸ்

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பேஸ் இரு காதுக்கும் விரிந்து அறையையே நிறைக்கும். இணையத்தில் அது பெரிய சேதம் செய்யாது. இசைத்தட்டில் ஊசியையே தூக்கி எறியும்.

காரணம் எளிது. இடது, வலது இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கிறது. இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு அதை மேலும் கீழும் அசைக்கிறது. பேஸ் போன்ற பெரிய அலை இரு பக்கமும் எதிரெதிராக ஓடினால், தடம் ஓரிடத்தில் ஆழமாகவும் அடுத்த இடத்தில் மேலோட்டமாகவும் விழும். மேலோட்டமான இடத்தில் ஊசிக்குப் பிடிமானம் கிடையாது. அதனால்தான் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மோனோவாக்கி, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக்கித் தரும்படி, தட்டில் தடம் வெட்டுபவர்கள் கேட்கிறார்கள்.

என் தட்டை வெட்டியவரும் கேட்டார். கீழ் ஒலி இரு பக்கமும் முரணாக இருக்கிறது, நானே மோனோவாக்கிவிடட்டுமா என்று மின்னஞ்சல் அனுப்பினார். அந்த மிக்ஸை இரவு பகலாக ஹெட்போனில் கேட்டு நான் மயங்கிக் கிடந்த நேரம் அது. பாட்டின் அழகே அந்த விரிவில்தான் இருக்கிறது என்று நம்பி, எதையும் தொட வேண்டாம் என்று பதில் எழுதினேன். அவர் ஒலியைச் சற்றுக் குறைத்து, நான் சொன்னபடியே வெட்டிக் கொடுத்தார்.

மொத்தமாக அச்சிடும் முன் ஐந்து சோதனைத் தட்டுகள் வந்தன. பங்சாரில் ஒரு நண்பர் வீட்டில், விலையுயர்ந்த கருவியில், சோபாவில் சாய்ந்தபடி ஒரே ஒரு தட்டைக் கேட்டேன். அருமையாக இருந்தது. அன்றே ஒப்புதல் அனுப்பினேன். அட்டை, கப்பல் கூலி எல்லாம் சேர்த்து 12,000 ரிங்கிட் ஆயிற்று. அதில் 4,000 என் அக்காவிடம் வாங்கியது.

வெளியீட்டு இரவில் டிஜே அந்தத் தட்டைப் போட்டார். மூன்றாவது நிமிடத்தில் பெரிய கொங்கா மேளமும் பேஸும் சேர்ந்து இறங்கும் இடம். ஊசி துள்ளியது. மறுபடி அதே இடத்தில் விழுந்து, மறுபடி துள்ளியது. அவர் ஊசியின் எடையைக் கூட்டிப் பார்த்தார். மீண்டும் துள்ளியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் பேசாமல் அடுத்த தட்டுக்கு மாறினார், என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வாரம் ஆம்கார்ப் மாலில் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இன்றும் 200 பிரதிகளுக்கு மேல் என் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

"சரி" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அதை எழுதாத கை மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆகவே மிக்ஸ் முடிந்ததும் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். பேஸ் சுருங்கினாலோ காணாமல் போனாலோ, அங்கேதான் வினை இருக்கிறது. சோதனைத் தட்டுகளில் குறைந்தது இரண்டை, டிஜே மேசையிலும் மலிவான கருவியிலும், முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே இடத்தில் கோளாறு வந்தால் அது பெரும்பாலும் வெட்டிலோ அச்சிலோ இருக்கிறது. ஒரு தட்டில் மட்டும் வந்தால் அது அந்தப் பிரதியின் குறையாக இருக்கலாம். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

கிளாவே புரண்டு போவது

கிளாவே என்பது லத்தீன் இசையின் முதுகெலும்பு. ஐந்தே அடிகள். 16 சம அளவுகளில் 1, 4, 7, 11, 13 என்று விழும், ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. பியானோ, பேஸ், பாடகர் எடுக்கும் இடம் எல்லாம் அதை ஒட்டியே நடக்கும். எங்கள் பாட்டில் அது இரண்டு பாருக்கு, அதாவது இரண்டு தாளச் சுற்றுக்குப் பரவியிருந்தது. பல்லவிக்கு முன் விறுவிறுப்பு வேண்டும் என்று ஒரு பாரை வெட்டி எறிந்தேன். அதன்பின் பியானோ ஒரு பாதியிலும் கொங்கா மறுபாதியிலும் நடந்தன. கணினி எச்சரிக்காது, ஏனென்றால் எண்ணிக்கையில் பிழையில்லை.

இடம் தவறி எடுத்த பாடகரை மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்ப்பார் அல்லவா, அப்படிப் பார்க்க ஒருவர் அறையில் வேண்டும். 1997-இல் மாஸ்டர்ஸ் அட் வொர்க் என்ற நியூயார்க் ஹவுஸ் இசை இரட்டையர் நியூயோரிக்கன் சோல் என்ற பெயரில் ஆல்பம் செய்தபோது லத்தீன் இசை மேதைகளான டிட்டோ புவென்டேயையும் எட்டி பால்மியேரியையும் வாசிக்க அழைத்தார்கள். நமக்கு அவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கும் ஒரு தம்பியை அழைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். கிளாவே என்ற சொல்லே தெரியாவிட்டாலும், புரண்ட இடத்தில் அவர் கை நின்றுவிடும். என் பாட்டில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

குரல் பாட்டை உள்வட்டத்தில் வைப்பது

தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றில் ஊசி கடக்கும் தூரம் குறைகிறது, "ஸ்" ஒலி கரகரக்கிறது. பாடல் வெளிவட்டத்துக்கு, தாளம் மட்டும் உள்ள வடிவம் உள்ளே.

உரத்த மாஸ்டர்

மாஸ்டர் என்பது வெளியீட்டுக்குத் தரும் இறுதி ஒலிக்கோப்பு. இணையத்துக்கு உரக்க ஒன்று, தட்டுக்கு அவ்வளவு உரக்காமல் வேறொன்று செய்யுங்கள்.

ஐஎஸ்ஆர்சி எண்

எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகள் கொண்ட இந்த அடையாள எண் ஒலிப்பதிவுக்கு உரியது. சுருக்க வடிவம், நீண்ட வடிவம், ரீமிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வாங்குங்கள்.

பாடியவரிடம் எழுதி வாங்காதது

நண்பர்தானே என்று விடாதீர்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பதும் உரிமம் தருவதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். செந்தூல் தம்பிகளின் நான்கு பாட்டிலும் ஒரே பெண்ணின் குரல். அவரிடம் என்ன எழுதி வாங்கினீர்கள் என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டின் பெயர், அவருடைய பங்கு, ரீமிக்ஸுக்கு அனுமதி, தேதி, கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் என்று அன்றிரவே ஒரு பக்கம் தட்டச்சு செய்து, இரண்டு படி எடுத்து, கையில் கொடுத்தனுப்பினேன்.