'கேவலம்' வரும் இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்

"கேவலம் ரெண்டு பரப்புக் காணிக்காகச் சகோதரத்தோட கோட்டுக்குப் போனான்." இங்கே 'கேவலம்' காணியைத்தான் சுட்டுகிறது: வெறும், அற்பம். விகுதி ஏதும் சேராமல் அளவுக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் இதுவே பொருள். "சகோதரத்தோட கோட்டுக்குப் போனது கேவலம்" என்று கடைசியில் வைத்துப் பாருங்கள், செயலே இழிசெயலாகிவிடும். பெயருக்கு முன் இழிவைச் சொல்ல 'கேவலமான' வேண்டும்: கேவலமான வேலை.

வடமொழியில் இதற்குத் 'தனித்த', 'மட்டும்' என்றே பொருள். 'வெறும்' என்ற பொருள் அதற்கு நெருங்கியது. கோயில் பிரசங்கத்தில் "கேவலத்தில் கிடந்த உயிர்" என்று கேட்டால் அதை வசையாக எடுக்கக்கூடாது. சைவ சித்தாந்தம் சொல்லும் கேவலம், சகலம், சுத்தம் என்ற 3 அவத்தைகளில், அதாவது உயிரின் நிலைகளில், முதலாவது அது. உயிர் ஆணவம் என்ற அறியாமை இருளில் அறிவும் செயலும் இன்றிக் கிடக்கும் நிலை.

அடிக்கடி காணும் பிழை 'கேவலங்கெட்ட'. மானங்கெட்டவனிடம் மானம் கெட்டது, சரி. கேவலம் கெட்டால் இழிவு நீங்கியதாகவல்லவா ஆகும்? 'மானங்கெட்ட' அல்லது 'கேவலமான' என்றே எழுதுங்கள். தான் இழிவடைந்தால் கேவலப்பட்டான். பிறரை இழிவாக்கினால் கேவலப்படுத்தினான்.