கூலி நோட்டில் இருக்கும் அந்தக் கோடு

போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். நோட்டில் நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் ஆண் கூலி, அந்தப் பக்கம் பெண் கூலி. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது, அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போட்டாராம். யாரும் ஏமாற்ற வேண்டும் என்று உட்கார்ந்து போடவில்லை, ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் குறைவாக எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள்.

உங்கள் இடத்தில் இதைச் சரிசெய்ய நினைத்தால் எடுத்த எடுப்பில் ரேட்டைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஆள் பெயர், ஆணா பெண்ணா, எந்த ஊர், எதையும் எழுதாமல் வேலையை மட்டும் எழுதுங்கள். அதுவும் விவரமாக. 'காய் பொறுக்குதல்' என்று இரண்டு வார்த்தையில் முடித்தால் பழைய கதைதான்.

எங்கள் குடோனில் ஒரு அக்கா, பதினான்கு வருட சர்வீஸ். முறத்தில் காயைத் தள்ளிவிட்டு வெடித்தது, வெளுத்தது, உள்ளே அரிசி, அதாவது விதை, பிடிக்காதது என்று பேசிக்கொண்டே தனித்தனியாக ஒதுக்கிவிடுவார். ஒரு கைப்பிடியை அள்ளிக் காதருகே குலுக்கி 'இது இன்னும் காயணும்' என்று திருப்பி அனுப்புவார். பத்தடி தள்ளி, சல்லடை மிஷினில் சாக்கைக் கவிழ்த்து சுவிட்ச் போட ஒரு பையன், வந்து ஆறு மாதம். நோட்டில் அவன் 'மிஷின் ஆபரேட்டர்', அக்கா 'பெண் ஆள்'. தரம் தப்பினால் ஏலத்தில் விலை விழுமே, அந்தப் பொறுப்பு யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நான்கும் ஒத்துப்போனால் அது ஒரே மாதிரி வேலை, ஆண் பெண் பார்த்துக் கூலி பிரிக்கக்கூடாது. ஆண் கூலியைக் குறைத்துச் சமமாக்குகிற குறுக்கு வழியும் செல்லாது. 'கட்டுப்படியாகாதுங்க' என்று முதலாளிகள் சொல்வார்கள். ஆட்ரி டி'கோஸ்டா என்ற சுருக்கெழுத்தர் தொடுத்த வழக்கில் 1987-லேயே உச்ச நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்கவில்லை.

அப்புறம் 'அவன் மூட்டை தூக்குறான்ல' என்பார்கள். தூக்கட்டும், மூட்டைக்கு இவ்வளவு என்று சுமைக்கூலியைத் தனியாகப் போடுங்கள். நான் ஒரு மாதம் குறித்து வைத்தேன். லாரி வந்த நாளில் மட்டும்தான் சுமை, மற்ற நாளெல்லாம் ஆண்களும் நிழலில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்கள். முதலாளி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மேலே கேரள மலையில், இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டத்தில் கணக்கு இன்னும் சிக்கல். கம்பம், கூடலூர் பக்கமிருந்து விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறுகிற பெண்களுக்கும், அங்கேயே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தங்கும் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்களுக்கும், உள்ளூர் மலையாளிகளுக்கும் ஒரே தோட்டத்தில் மூன்று ரேட் ஓடும் இடம் உண்டு. ஊரையும் சாதியையும் பார்த்து லேசான வேலையைப் பிரித்துக்கொடுக்கும் கங்காணியும் உண்டு. வேலை இடுக்கியில் நடந்தால் கேரள அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிதான் கணக்கு, வீடு தேனி மாவட்டத்தில் இருப்பது ஒரு காரணமே இல்லை. ஏஜென்ட் கமிஷனை ஆள் கூலியில் பிடிக்கவிடாதீர்கள், அது முதலாளி செலவு. கூலியை ஆளின் பேங்க் கணக்கில் நேராகப் போட்டால் பாதித் தகராறு அடங்கும்.

புதிதாக ஆள் எடுக்கும்போது 'பழைய இடத்தில் என்ன வாங்கினே?' என்று கேட்பதையும் விடுங்கள். அங்கே குறைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் குறையை நீங்களும் சுமந்துவருவீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-ல் இப்படிக் கேட்பதற்கே தடை போட்டுச் சட்டம் இயற்றியது.

கூலி வாங்கும் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று போராட உட்கார்ந்தார்களே, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆண்கள் நடத்திய யூனியன்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே பேசினார்கள். 20 சதவீத போனஸ் கிடைத்தது. நாள்கூலி 232-ஐ 500 ஆக்கக் கேட்டார்கள், பிறகு முடிவானது 301. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லைதான், ஆனால் ஒருத்தி மட்டும் போயிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். கூலிச் சீட்டு கேட்டு வாங்குங்கள், கொடுக்கவேண்டியது அவர்கள் கடமை. போனில் படம் எடுத்து வையுங்கள். லேபர் ஆபீசில் பாக்கி கேட்டு மனு போட மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு.

கோட்டை அழித்தபிறகும் ஒரு வேலை பாக்கி. டீ காசு, ஓவர்டைம், தீபாவளி இனாம் எல்லாம் நோட்டுக்கு வெளியே கைமாறும். பண்டிகை முடிந்த வாரம் அந்த வெள்ளைத்தாளை மறுபடி எடுத்து, இந்தமுறை பெயரையும் சேர்த்து எழுதி, வருடத்துக்கு மொத்தம் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று கூட்டிப்பாருங்கள். எங்கள் குடோனில் ரேட் ஒன்றான பிறகும் அக்காவுக்கு இனாம் ஒரு சேலை, பையனுக்கு ரொக்கம்.